ஓட்டும் பீரங்கியும் – 7: மேசையிலிருந்து தள்ளப்பட்ட சிப்பாய்கள்

“கொரியாவுக்கு நேரில் போவேன்” என்று சொல்லி 1952-ல் ஐசன்ஹோவர் வென்ற கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர் ஐந்து நட்சத்திர ஜெனரல். போரை முடிப்பதாக அவர் சொன்னபோது யாரும் அவரைக் கோழை என்று சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து வியட்நாம் போரைப் பற்றி இன்னொரு போர்வீரர் அதையே சொன்னார். ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்ன். அவரை நாட்டின் பாதுகாப்பையே பறிகொடுக்கப் போகிறவர் என்றார்கள்.

அந்தப் பெயர் எப்படி ஒட்டியது என்பதற்கு 1972-ன் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் போதும். மேசை மேல் வரிசையாகப் பொம்மைச் சிப்பாய்கள். மரைன் படையில் மூன்றில் ஒரு பங்கை மெக்கவர்ன் வெட்டுவார் என்கிறது பின்னணிக் குரல். ஒரு கை வந்து சிப்பாய்களைத் தள்ளிவிடுகிறது. விமானப்படையில் மூன்றில் ஒரு பங்கு, கடற்படைக் கப்பல்களில் பாதி என்று குரல் அடுக்க அடுக்க, பொம்மை விமானங்களும் கப்பல்களும் போகின்றன. விமானந்தாங்கிக் கப்பல்கள் 16-லிருந்து 6 ஆகிவிடும். கடைசியில் நிஜப் போர்க்கப்பலில் அப்போதைய அதிபர் நிக்சன் கம்பீரமாக நடந்து வருகிறார். விளம்பரத்தை வெளியிட்டது நிக்சன் பக்கம் தாவிய ஜனநாயகக் கட்சிக்காரர்களின் அமைப்பு. மெக்கவர்னின் திட்டத்தைக் கண்டித்து அவருடைய சொந்தக் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஹம்ஃப்ரி சொன்னதையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

அந்த வெட்டுகள் கட்டுக்கதை அல்ல. 1972 ஜனவரியில் மெக்கவர்னே விரிவான மாற்றுப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வெளியிட்டிருந்தார். 1975-க்குள் ராணுவச் செலவை ஆண்டுக்கு 5,480 கோடி டாலராகக் குறைப்பது இலக்கு. எந்த ஆபத்துக்கு எந்தப் படை தேவை என்று ஒவ்வொன்றாக எடை போட்டார். எதிரியைத் தடுத்து நிறுத்தும் அணு ஏவுகணைகள் இருக்கட்டும். பி-1 குண்டுவீச்சு விமானம் வேண்டாம். ஐரோப்பாவில் இவ்வளவு படை தேவையில்லை என்றார். விமானந்தாங்கி என்றதும் நமக்கு 1971 டிசம்பரில் நிக்சன் வங்காள விரிகுடாவுக்கு அனுப்பிய என்டர்பிரைஸ் நினைவுக்கு வரும். மெக்கவர்னின் திட்டம் வந்தது அதற்கு அடுத்த மாதம்.

ஆறு கப்பல் போதாது என்பதே என் எண்ணம். கடலில் ஒன்று காவல் நிற்க வேண்டுமானால், பழுதுபார்ப்பிலும் பயிற்சியிலும் இன்னும் இரண்டு இருக்க வேண்டும் என்பது கடற்படைக்காரர்கள் போடும் கணக்கு. இப்படி அந்தத் திட்டத்தோடு எண்ணுக்கு எண் மல்லுக்கட்டியிருக்கலாம். நடந்தது அதுவல்ல. அவருடைய துணிச்சலின் மீதே சந்தேகத்தைக் கிளப்பினார்கள்.

யாருடைய துணிச்சலை? இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் செரிஞோலா அருகிலிருந்து பி-24 குண்டுவீச்சு விமானத்தை 35 முறை ஓட்டிச் சென்றவர் அவர். 1944 டிசம்பரில் இரண்டு எஞ்சின்கள் செயலிழந்த விமானத்தை, ஏட்ரியாடிக் கடலின் வீஸ் தீவில், சிறு போர் விமானங்களுக்கென்று போட்ட குட்டையான ஓடுபாதையில் இறக்கி, கூட வந்தவர்களைக் காப்பாற்றினார். அதற்குப் பதக்கமும் பெற்றார். இன்னொரு முறை விமானத்திலேயே சிக்கிக்கொண்ட குண்டொன்றை ஆஸ்திரியா மேல் பறக்கும்போது கழற்றிவிட, அது ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. நேரம் நண்பகல். விவசாயக் குடும்பம் சாப்பிட உட்காரும் வேளை என்பது தெற்கு டகோட்டாவில் வளர்ந்தவருக்குத் தெரியும். நாற்பது ஆண்டுகள் அது அவரை அரித்தது. 1985-ல் ஆஸ்திரியத் தொலைக்காட்சியில் அதைப் பற்றிப் பேசினார். அந்த வீட்டுக்காரரே தொடர்புகொண்டு, விமானம் வருவதைப் பார்த்து எல்லோரும் வெளியே ஓடித் தப்பிவிட்டோம் என்று தெரிவித்தார்.

இந்த வீரத்தைப் பிரசாரத்தில் அவர் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அது அடக்கம். ஆனால் தேர்தல் களத்தில் அந்த இடத்தைப் பொம்மைச் சிப்பாய்கள் பிடித்துக்கொண்டன.

வியட்நாமில் அவர் வளைந்துகொடுக்கவே இல்லை. படைகளைத் திரும்ப அழைக்கக் கெடு வைக்கும் சட்டத் திருத்தத்தை 1970-ல் செனட்டில் குடியரசுக் கட்சியின் ஹேட்ஃபீல்டோடு சேர்ந்து கொண்டுவந்தார். செத்த இளைஞர்களுக்கு இந்த அவையில் உள்ள ஒவ்வொருவரும் பொறுப்பு, இங்கே ரத்த வாடை அடிக்கிறது என்று செனட்டர்களின் முகத்துக்கு நேரே சொன்னார். திருத்தம் 55-க்கு 39 என்று தோற்றது. போர்க் கைதிகளை மீட்க வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்குப் போய்க் கெஞ்சவும் தயார் என்று 1972-ல் சொன்னதை எதிராளிகள் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளையைப் போருக்கு அனுப்பிய எந்தத் தாயும் அந்தப் பேச்சில் கோழைத்தனத்தைக் கண்டிருக்க மாட்டாள் என்று நம்புகிறேன்.

நவம்பரில் 49 மாநிலங்கள் நிக்சனுக்குப் போயின. மெக்கவர்னுக்குக் கிடைத்தவை மாசசூசெட்ஸும் தலைநகர் வாஷிங்டனும்தான். சொந்த மாநிலமும் கைவிட்டது.

பதவியேற்ற 90 நாளில் கடைசிச் சிப்பாயும் கடைசிக் கைதியும் வீடு திரும்பியிருப்பார்கள் என்பது மயாமி பீச் மாநாட்டில் அவர் கொடுத்த வாக்கு. நடக்காத காரியம், சரணாகதி என்றார்கள். நிக்சன் 1973 ஜனவரி 20-ல் மறுபடி பதவியேற்றார். ஒரு வாரத்தில் பாரிஸில் ஒப்பந்தம். மார்ச் 29-ல் கடைசிப் போர்ப் படைகள் வியட்நாமிலிருந்து கிளம்பின. ஹனோய் பட்டியலிட்ட கைதிகளின் விடுவிப்பும் அந்த நாட்களிலேயே முடிந்தது. பதவியேற்று 68 நாள். தென் வியட்நாமின் சைகோன் அரசுக்கு ஆயுதம் கொடுப்பதை மெக்கவர்ன் நிறுத்தியிருப்பார், நிக்சன் தொடர்ந்தார் என்பது பெரிய வேறுபாடுதான். அந்த அரசும் 1975 ஏப்ரலில் விழுந்தது.

(தொடரும்)