பீவர் பல்லும் வளைகத்தியும்

ஒரு மரக்கட்டையையும் ஒரு நேரான கத்தியையும் கொடுத்து, கரண்டி செய்யச் சொன்னால் என்ன செய்வீர்கள்? காம்பு எளிது. சீவிக்கொண்டே போனால் வந்துவிடும். கரண்டியின் முதுகுப் பக்கமும் கொஞ்சம் பொறுமையிருந்தால் வந்துவிடும். சிக்கல் உள்பக்கத்தில்தான். அங்கே பள்ளம் வேண்டுமே! நேரான கத்தி பள்ளத்துக்குள் இறங்காது. அதன் முனை வேண்டுமானால் குத்தும், கிளறும், சீவாது.

நம் ஊரில் இந்தச் சிக்கலைத் தென்னை மரம் தீர்த்துவைத்துவிட்டது. கொட்டாங்கச்சி பிறக்கும்போதே பள்ளத்தோடு பிறக்கிறது. ஒரு குச்சியைச் செருகினால் அகப்பை தயார். தென்னை வளராத குளிர்நாட்டுக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்கள் கத்தியையே வளைத்தார்கள்.

வளைகத்தியை ஸ்வீடனில் பார்க்கலாம், வேறு பல நாடுகளிலும் பார்க்கலாம். நாம் இன்று போகப்போவது வட அமெரிக்காவின் பசிபிக் கடற்கரைக்கு. கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஹைடா குவாய் என்றொரு தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே வாழும் ஹைடா மக்களும், அக்கம்பக்கத்துக் கரைகளில் வாழும் கிளிங்கிட் போன்ற மக்களும் மரவேலையில் பெரிய கைகாரர்கள். முழு சீடார் மரத்தைக் குடைந்து கடலில் செல்லும் படகு செய்வார்கள். அதே மரத்தில் உயரமான கம்பங்களைச் செதுக்கி, தங்கள் குலத்தின் கதைகளைச் சொல்லும் விலங்கு உருவங்களை அதில் அடுக்கடுக்காக நிறுத்துவார்கள். ஆல்டர் மரத்தில் முகமூடியும் கிண்ணமும் கரண்டியும் செய்வார்கள். முதலில் வாய்ச்சியால் கொத்தி உருவத்தைக் கொண்டுவருவது. பிறகு வளைகத்தியால் சீவிச் சீவி மெருகேற்றுவது. இதுதான் வேலை முறை.

இரும்பு அரிதாக இருந்த காலத்தில் இவர்கள் எதைக் கொண்டு சீவினார்கள்? இதற்கு விடை சொல்லும் ஓர் ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் ஓசெட் என்ற இடத்தில் இதே கரையைச் சேர்ந்த மக்கா மக்களின் வீடுகள் சில நூறு ஆண்டுகளுக்கு முன் மண்சரிவில் புதைந்துபோயின. 1970-இல் அங்கே பெரிய அகழாய்வு தொடங்கியது. ஈரச் சேற்றுக்குள் காற்று புகவில்லை. அதனால் மரப்பொருள்கள்கூட மக்காமல் இருந்தன. கிடைத்த கருவிகளில் ஒரு வகையைப் பார்த்தால் சிரிப்பு வரும்: மரப்பிடியில் பொருத்திய பீவர் பற்கள்!

பீவர் என்பது எலி, அணில் இவற்றைப் போலக் கொறிக்கும் விலங்கு. ஆனால் உருவத்தில் நாய் அளவு பெரியது. நிற்கும் மரத்தையே பல்லால் அரித்துச் சாய்த்துவிடும். அதன் முன்பற்கள் வளைந்தவை, நீளமானவை, வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை. நிறமோ ஆரஞ்சு. அழுக்கு என்று நினைக்காதீர்கள். பல்லின் முன்பக்க எனாமலில் இரும்பு கலந்திருக்கிறது. அதனால்தான் அந்த நிறம், அந்த உறுதி.

இன்னொரு விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தக் கடின எனாமல் பல்லின் முன்பக்கத்தில் மட்டுமே இருக்கிறது. பின்பக்கம் அதைவிட மென்மையான டென்டைன். மரத்தைக் கடிக்கக் கடிக்கப் பின்பக்கம் வேகமாகத் தேய்கிறது, முன்பக்கம் மெதுவாகத் தேய்கிறது. விளைவு? பல்லின் நுனி எப்போதும் உளியின் சரிவோடு கூராகவே நிற்கிறது. சாணை பிடிக்க பீவர் யாரிடமும் போவதில்லை.

ஒரு வெட்டும் கருவிக்குக் கடினமான விளிம்பு வேண்டும். அதைத் தாங்க, உடையாத முதுகு வேண்டும். பீவருக்கு இரண்டும் பிறவியிலேயே அமைந்துவிட்டன. மனிதர் இதை எஃகில் கொண்டுவரத்தான் உலை, எண்ணெய், காந்தம் என்று பாடுபட வேண்டியிருக்கிறது; அந்தக் கதை பின்னால் வரும்.

இரும்பு அங்கே எப்போது வந்தது? ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக் 1778-இல் நூட்கா என்ற கடற்கழிக்கு வந்தபோதே அங்கிருந்த மக்களிடம் இரும்புக் கத்திகள் இருந்தன. ஓசெட்டிலும் இரும்பு அலகுகள் கிடைத்தன. பசிபிக் நீரோட்டத்தில் அடித்துவரப்பட்ட உடைந்த ஆசியக் கப்பல்களின் ஆணிகளும் பட்டைகளும் இதற்கு மூலமாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இன்றும் அந்தக் கரையின் சிற்பிகள் பலர் தங்கள் கத்தியைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். கடையில் நல்ல கத்தி கிடைக்காமல் இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒவ்வொரு வளைவு தேவை என்பதுதான் காரணம்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வட்டமான கிண்ணத்தை எடுங்கள். அதற்குள் ஒரு ஸ்கேலைக் குறுக்காக வையுங்கள். ஸ்கேல் இரண்டு ஓரங்களில் மட்டும் தொடும், நடுவில் இடைவெளி. இப்போது ஒரு கரண்டியின் முதுகைக் கிண்ணத்துக்குள் வையுங்கள். ஒரே இடத்தில் தொடும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் தடையில்லாமல் வழுக்கிப் போகும். கத்தியும் அப்படித்தான். கத்தியின் வளைவு பள்ளத்தின் வளைவைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் அலகின் ஓரங்கள் மரத்தில் குத்திக்கொள்ளும். அளவுக்கு மீறி வளைந்திருந்தால் உழுத நிலமாகக் கோடு கோடாகப் பள்ளம் விழும். ஆகவே அகலமான கிண்ணத்துக்குச் சற்றே வளைந்த கத்தி. ஆழமான கரண்டிக்குக் கொக்கியாகவே வளைந்த கத்தி.

இனிப் பட்டறைக்குள் போகலாம். சின்ன இடம் போதும். ஒரு சிறிய எரிவாயு உலை, பட்டறைக்கல், சுத்தி, குறடு, சில அரங்கள், ஒரு தகர டப்பாவில் எண்ணெய், கம்பியில் தொங்கும் காந்தம். மூலப்பொருளுக்குப் பழைய இரும்புக்கடை இருக்கிறது. தேய்ந்த அரம், வண்டியின் பட்டைவில், பழைய ரம்பத் தகடு எல்லாம் ஆகும்.

எல்லா இரும்பும் ஆகாது. ஜன்னல் கம்பியில் செய்த கத்தி கூர் நிற்காது. வித்தியாசம் கார்பனில் இருக்கிறது. சாதாரணக் கம்பியில் கார்பன் 0.2 சதவீதம் அளவில்தான் இருக்கும். அரத்தில் ஏறக்குறைய 1 சதவீதம். நூறு கிராம் எஃகில் ஒரு கிராம் கரி. அந்த ஒரு கிராம்தான் இந்தக் கதையின் நாயகன்.

பழைய அரத்தை முதலில் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து, மெதுவாக ஆறவிடுவார்கள். ஆறியதும் அது மென்மையாகிவிடும்; இன்னொரு அரத்தால் அதை ராவ முடியும். அதன் பற்களை முழுதாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். ஒரு பள்ளம் மிஞ்சினாலும் பின்னால் விரிசல் அங்கேதான் தொடங்கும். பிறகு அலகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொண்டுவந்து, மீண்டும் சிவக்கக் காய்ச்சி, ஓர் இரும்புக் குழாயின் மேல் வைத்துத் தட்டித் தட்டி வளைப்பார்கள். வளைக்கும்போது வெளிப்பக்கம் நீள்கிறது, உள்பக்கம் நெருங்குகிறது. சூடாக இருப்பதால் எஃகு இந்த இழுபறிக்கு இடம் கொடுக்கிறது. வளைவு முழுதும் இப்போதே வந்துவிட வேண்டும். அடுத்த கட்டத்துக்குப் பிறகு வளைக்கப் பார்த்தால் அலகு இரண்டாகும்.

அடுத்த கட்டம் தோய்ச்சல், அதாவது காய்ந்த அலகைச் சட்டென்று எண்ணெயில் முக்குவது. கத்தி பிறப்பது இங்கேதான் என்பேன். சுத்தி கொடுப்பது வடிவம் மட்டுமே.

இரும்பு அணுக்கள் கண்ணுக்குத் தெரியாத கனசதுரங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. சாதாரண வெப்பத்தில் ஒவ்வொரு கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் ஓர் அணு, நட்டநடுவில் ஓர் அணு. இந்த அடுக்கில் கார்பன் நுழைய இடம் மிகக் குறைவு, அதிகபட்சம் 0.02 சதவீதம்தான் கரையும். எஃகை 727 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சினால் அடுக்கு மாறத் தொடங்குகிறது. நடுவில் இருந்த அணு இல்லாமல் போய், ஆறு முகங்களின் மையத்திலும் அணுக்கள் வந்து அமர்கின்றன. இந்தப் புது அடுக்கில், வெப்பம் கூடக் கூட, 2 சதவீதம் வரை கார்பன் கரையும். எஃகு உருகவில்லை, திடமாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்பன் அணுக்கள் அதற்குள் உலவிப் பரவுகின்றன.

சரியான வெப்பம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குத்தான் காந்தம். இரும்பு ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தத்துக்கு இழுபடும் குணத்தை இழந்துவிடும். அலகைக் காந்தத்தில் தொட்டுப் பார்ப்பார்கள். ஒட்டினால் இன்னும் காய வேண்டும். ஒட்டவில்லையா? இன்னும் சற்றே சூடேற்றி, உடனே எண்ணெய்க்குள்.

‘உஸ்’ என்று புகை. சில நொடிகளில் பல நூறு டிகிரி இறங்குகிறது. இரும்பு அணுக்கள் பழைய அடுக்குக்குத் திரும்பப் பார்க்கின்றன. ஆனால் நடுவே சிக்கிய கார்பன் அணுக்கள் வெளியேற நேரமில்லை. அடுக்கு நெளிந்து, இறுகி, விறைத்துப்போகிறது. இந்த விறைத்த அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக வைத்தது. அரத்தை வைத்துத் தேய்த்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகும்; அவ்வளவு கடினம்.

தண்ணீரில் தோய்க்கக்கூடாதா? கனமான கருவிகளுக்குச் சிலர் தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். மெல்லிய அலகுக்கு அது ஆபத்து. காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த துளி ஆவியின் மேல் ஏறி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே ஆவிப் போர்வை கத்தியையும் சுற்றிக்கொள்ளும். போர்வை கிழிந்த இடம் திடீரென்று ஆறும். கிழியாத இடம் சூடாகவே இருக்கும். ஒரே அலகில் இப்படி இரண்டு விதம் நடந்தால் அது கோணும் அல்லது விரியும். எண்ணெய் நிதானமாக ஆற்றும். அந்த எண்ணெயையும் 50, 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்வார்கள். சூடான எண்ணெய் வேகமாக ஆற்றுமா என்று கேட்பீர்கள். ஆற்றும். சூட்டில் எண்ணெயின் பிசுபிசுப்புக் குறைகிறது. கத்தியைச் சுற்றி நன்றாக ஓடி வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது.

வேலை முடிந்ததா? இல்லை. இந்த நிலையில் கத்தி கை தவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தால்கூட உடையலாம். கடினம் அதிகம், தாங்கும் சக்தி இல்லை. பதப்படுத்த வேண்டியது இப்போதுதான். அலகை மெருகேற்றி, சுமார் 200 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைப்பார்கள். வீட்டு அடுப்பறை ‘ஓவன்’ இதற்குப் போதும். சிக்கியிருந்த கார்பனில் ஒரு பகுதி நகர்ந்து இறுக்கம் தளர்கிறது. கடினம் கொஞ்சம் குறைகிறது. உடையாத தன்மை நிறையக் கூடுகிறது.

வெப்பம் ஏறுவதை அலகே நிறத்தில் காட்டும். முதலில் வைக்கோல் மஞ்சள். இன்னும் சூடானால் பழுப்பு, பிறகு ஊதா. 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். இது சாயம் அல்ல. எஃகின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் வளர்கிறது. தலைமுடியின் தடிமனில் அது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகின்றன. மழைத்தண்ணீரில் மிதக்கும் பெட்ரோல் வண்ணம் காட்டுவதும் இதே காரணத்தால்தான். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும்.

கைதேர்ந்தவர்கள் வெட்டும் விளிம்பை வைக்கோல் மஞ்சளில் நிறுத்திவிட்டு, பிடியோடு சேரும் வாலை மட்டும் தனியே நீலம் வரை சூடேற்றுவார்கள். விளிம்பு கடினம், வால் நெகிழ்வு. பீவருக்குப் பல்லில் கிடைத்தது எஃகுக்கு நெருப்பில் கிடைக்கிறது.

மீதி வேலையில் பொறுமைதான் அதிகம். வளைவின் வெளிப்பக்கத்தைக் கல்லில் தீட்டலாம். உள்பக்கத்துக்குக் கல் நுழையாது. உருண்டைக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்ப்பார்கள். சொரசொரப்பான தாளில் தொடங்கி நைசான தாளில் முடித்து, கடைசியில் தோலில் மெருகுப் பசை தடவித் தீட்டுவார்கள். பிடியில் ஒரு பள்ளம் செதுக்கி, வாலை அதில் பதித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். ஆணி இல்லை. நாளைக்கு அலகை முன்பின் நகர்த்த வேண்டுமானால் கயிற்றை அவிழ்த்தால் போதும். அந்தக் கரையின் கத்திகள் பலவற்றில் இரண்டு பக்கமும் கூர் உண்டு. இழுத்தாலும் சீவும், தள்ளினாலும் சீவும்.

இதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். சூடான எண்ணெய் தீப்பிடிக்கும். வளைகத்தி விரலையும் மரத்தையும் பிரித்துப் பார்க்காது. அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ கொல்லுப்பட்டறை இருந்தால், பெரியவர் ஒருவரோடு அரிவாள் தோய்க்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். எட்டி நின்று கவனியுங்கள். எந்தச் சிவப்பில் தோய்க்கிறார், தண்ணீரிலா எண்ணெயிலா, முழு அலகையும் முக்குகிறாரா விளிம்பை மட்டுமா, வெளியே எடுத்த பிறகு எந்த நிறம் வரக் காத்திருக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை எங்களுக்கு அனுப்புங்கள். எந்த ஊர்ப் பட்டறை என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.