டூர் வரும் மியூசிக்கல் ஷோ ஒரிஜினலை விட மட்டமா? டிக்கெட் எடுக்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

லண்டன் ட்ரிப் போனால் வெஸ்ட் எண்டில் ஒரு மியூசிக்கல் பார்த்துவிட வேண்டும் என்பது பலரின் ஆசை. அங்கே போக முடியாதவர்களுக்காக அதே ஷோக்கள் சிங்கப்பூருக்கும் மும்பைக்கும் டூர் வருகின்றன. டிக்கெட் விலை எங்கேயும் கம்மி இல்லை. அதனால் ஒரு சந்தேகம் வரும்: டூரில் வருவது முழு ஷோவா, சுருக்கிய காப்பியா?

டூரில் என்ன மாறும்?

ஒரே அரங்கில் வருஷக்கணக்கில் ஓடும் ஷோவுக்கு, மேடைத் தளத்திலேயே இயந்திரங்களைப் பொருத்திவிடலாம். டூர் ஷோவை ஒவ்வொரு ஊரிலும் பிரித்து, ஏற்றி, மறுபடி மாட்ட வேண்டும். கனமான செட்டைக் கொண்டுபோக முடியும். ஆனால் செலவும் நேரமும் எகிறும்.

அப்போ மட்டம்தானா?

'லே மிசரபிள்' கதையைப் பாருங்கள். தமிழில் 'ஏழை படும் பாடு' என வந்த அதே விக்டர் ஹியூகோ நாவல்தான். 1985-ல் லண்டனில் தொடங்கிய இந்த மியூசிக்கலின் ஹைலைட்டே சுழலும் மேடை. 25-ம் ஆண்டையொட்டி 2009-ல் கிளம்பிய புது டூரில் அதை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு, ஹியூகோ வரைந்த ஓவியங்களைத் தழுவிய காட்சிகள் பின்னணியில் ப்ரொஜெக்ட் செய்யப்பட்டன.

ட்விஸ்ட் வந்தது 2019-ல். லண்டனில் ஓடிக்கொண்டிருந்த சுழல்மேடை வடிவம் ஜூலையில் நிறுத்தப்பட்டது. டிசம்பரில் அதே அரங்கில் டூர் வடிவம் மேடையேறியது. பழைய ரசிகர்கள் பலருக்கு வருத்தம்தான். ஆனால் 2016-லேயே சிங்கப்பூர் பார்த்துவிட்ட வடிவம் அது.

இசைக்குழு?

டூரில்தான் ஆட்களைக் குறைப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. 'தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா' 2021-ல் லண்டனிலேயே மறுபடி தொடங்கியபோது, 27 பேர் இருந்த இசைக்குழு 14 ஆனது.

எதைச் செக் பண்ணணும்?

* இயக்குநர், மேடை வடிவமைப்பாளர் பெயர்கள் லண்டன் அல்லது பிராட்வே ஷோவோடு ஒத்துப்போகிறதா? இல்லையென்றால், கதையும் பாட்டும் மட்டும் உரிமம் வாங்கி, மற்றதைப் புதிதாகச் செய்திருக்கலாம்.
* இசை நேரடியா, முன்பே பதிவு செய்ததா?
* உங்கள் சீட்டிலிருந்து முழு மேடையும் தெரியுமா? அரங்கின் சீட் மேப்பில் 'பார்வை மறைக்கும்' இடங்களைக் குறித்திருப்பார்கள்.

இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால், டூர் என்ற ஒரே காரணத்துக்காகத் தயங்க வேண்டியதில்லை. பதில் கிடைக்கவில்லையா? 'பிராட்வே புகழ்' என்ற போஸ்டர் வரியை மட்டும் நம்பி கார்டைத் தேய்க்காதீங்க.