ஏலக்காயின் விலையும் மலையின் விலையும்

அரபு நாட்டு விருந்தோம்பலின் அடையாளம் கஹ்வா. அதற்கு மணம் தருவது 'ஹேல்' எனப்படும் ஏலக்காய். இடுக்கியின் ஏலமலைகளில் விளையும் அக்காய் போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் ஏலத்தில் விலைபோகிறது. அதைப் பறிக்கவும் மருந்து தெளிக்கவும் தேனி மாவட்டத் தொழிலாளர்கள் அதிகாலையில் ஜீப்புகளில் போடிமெட்டு வழியாக மலையேறுகின்றனர்.

பூச்சிக்கொல்லி எச்சம் மிகுந்திருப்பதாகக் கூறி, 2018இல் சவூதி அரேபியா இந்திய ஏலக்காயைத் திருப்பியனுப்பியது. விவசாயியின் பேராசையே காரணம் என்று முடித்துவிடுவது எளிது. கார்ல் மார்க்ஸோ காரணத்தை வேறிடத்தில் தேடச் சொல்கிறார்.

1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்தில், முதலாளித்துவ வேளாண்மை உழைப்பாளியை மட்டுமன்றி மண்ணையும் சுரண்டுகிறது என்றார் அவர். விளைபொருளோடு நகரம் சென்ற மண்ணின் சத்து மீண்டும் மண்ணுக்குத் திரும்புவதில்லை என்ற வேதியியலறிஞர் லீபிக்கின் ஆய்வு அவருக்குத் துணைநின்றது. மனிதனுக்கும் இயற்கைக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் இவ்வாறு அறுபடுவதை, 2000இல் வெளியான 'மார்க்ஸின் சூழலியல்' நூலில் ஜான் பெல்லமி ஃபாஸ்டர் விரித்துரைத்தார்.

ஏலமலையில் இது கண்கூடு. காட்டுமர நிழலில் வளரும் செடி ஏலம். அதன் பூவைக் காயாக்குபவை தேனீக்கள். பேன் தாக்கினால் காயின் தோலில் சொறி விழும். சந்தையோ பச்சை நிறத்தையும் பருமனையும் பார்த்தே விலை வைக்கிறது; எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்குத் தனி மதிப்பு. சொறி விழுந்தால் விலை சரியும். ஆகவே மருந்து மீண்டும் மீண்டும் தெளிக்கப்படுகிறது. குவாத்தமாலாவின் போட்டியும் உண்டு. கடனில் நிற்கும் சிறு விவசாயி தெளிக்காமலிருக்கத் துணிவதில்லை. இங்கே இயங்குவது தனிமனிதப் பேராசையைக் காட்டிலும் சந்தையின் நிர்ப்பந்தமே. தெளிப்பவரின் உடல்நலமும், மடியும் தேனீக்களும், நஞ்சேறும் ஓடைகளும் அவ்விலையில் கணக்கிடப்படுவதில்லை.

உடைமை அரசிடம் சென்றால் எல்லாம் சரியாகிவிடுமா? பருத்திக்காக ஆறுகளைத் திருப்பி, 1960களிலிருந்து ஆரல் கடலை வற்றச் செய்தது சோவியத் அரசுதான். உற்பத்திப் பெருக்கத்தையே இலக்காகக் கொண்ட அரசும் சந்தையைப் போலவே இயற்கையை மறந்தது.

மனித சமுதாயம் முழுவதும் சேர்ந்தாலும் பூமிக்கு உடைமையாளர் ஆகாது. அதை மேம்படுத்தி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது 1894இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தின் கருத்து. 'அமானத்' என்னும் சொல்லை அறிந்த நமக்கு இது அந்நியமன்று. திருப்பியனுப்பப்பட்ட மூட்டைக்கு வேறொரு சந்தை கிடைக்கலாம். நஞ்சேறிய மலையை எங்கே திருப்பியனுப்புவது?