எண்ணெய் தின்றால் சீழ் வைக்குமா?

முதலாம் ஆண்டில் ஃபிட்டிங் ஷாப்பில் ஃபைல் நழுவி என் உள்ளங்கை கிழிந்தது. "காயம் ஆறுற வரைக்கும் எண்ணெய்ப் பண்டம் தொடக்கூடாது ராசா, சீழ் வச்சிரும்" என்று அப்பத்தா சொல்லிருச்சு. மூன்று நாள் வெறும் கஞ்சிதான். ஆனாலும் சீழ் வைத்தது. ஊசி போட்டு, மாத்திரை சாப்பிட்டுத்தான் ஆறியது. எண்ணெய்க்கும் சீழுக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் வீட்டில் படித்துச் சொல்ல ஆள் கிடையாது. நானே புத்தகங்களில் தேடினேன்.

கொழுப்பே இல்லாவிட்டால்?

1929-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்தார்கள். தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது, எலிகள் சீக்கிரமே செத்தன. லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பைக் கொடுத்ததும் தேறின. நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் இருப்பது இதுதான். தோலின் மேலடுக்கைக் கசியாமல் அடைப்பதும் இதுதான். தோல்தானே கிருமிக்கு முதல் தடுப்புச் சுவர்!

அபாயச் சங்கு

சுவரைத் தாண்டி பாக்டீரியா நுழைந்தால்? வெள்ளை அணுவின் மேலுறையே கொழுப்பால் ஆனது. அதிலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தை வெட்டியெடுத்து, லூக்கோட்ரையீன் என்ற பொருளாக மாற்றுகிறது. மில்லில் சங்கு ஊதியதும் ஆட்கள் ஓடி வருவது போல, அதன் தூண்டுதலில் மற்ற வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. சீழில் பெரும்பகுதி, அப்படி வந்து போராடி மடிந்த அணுக்களே!

மத்தி மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு இந்தச் சங்கின் சத்தத்தைக் குறைக்கும்; வீக்கம் வடியவும் உதவும். வேலை முடிந்தால் சங்கு நிற்கத்தானே வேண்டும்? ஆனால் மீன் எண்ணெயை மிக அதிகமாகக் கொடுத்த சுண்டெலிகள் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவை எதிர்க்க முடியாமல் தடுமாறின. மனிதனுக்கும் அப்படியே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அளவுக்கு மிஞ்சினால் நல்ல எண்ணெயும் நல்லதல்ல என்று புரிகிறது.

இன்னொன்று: கீரையிலுள்ள சத்து வைட்டமின் ஏ ஆக மாறி நோயை எதிர்க்க உதவுகிறது. துளி எண்ணெயாவது சேர்த்தால்தான் அது உடம்பில் நன்றாக ஒட்டும்.

ஆகவே நண்பர்களே, எண்ணெயை ஒதுக்கினாலும் காயம் ஆறாது; அள்ளிக் குடித்தாலும் ஆறாது. அளவோடு சாப்பிடுங்கள். காயம் சிவந்து வீங்கினால் என்னைப் போல மூன்று நாள் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் சொன்னேன். "படிச்ச புள்ள சொன்னாச் சரிதான்" என்று கீரையில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுச்சு.

- இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை