ஆண் குழந்தையின் விந்தகங்கள்: பெற்றோர் கவனத்திற்கு

பெண்ணின் சூலகங்கள் அடிவயிற்றினுள்ளேயே தங்கிவிடுகின்றன. ஆணின் விந்தகங்களோ கருவில் வயிற்றினுள் தோன்றி, பிறப்பதற்கு முன் விதைப்பைக்கு இறங்குகின்றன. விந்தணு உருவாக உடற்சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைந்த சூடு வேண்டும்.

நிறைமாத ஆண் குழந்தைகளில் 100-க்கு ஏறத்தாழ 3 பேருக்கு ஒரு விந்தகமேனும் இறங்கியிருப்பதில்லை. குறைமாதக் குழந்தைகளில் இன்னும் அதிகம். பெரும்பாலும் 6 மாதத்திற்குள் தானே இறங்கிவிடும். அதற்குமேல் காத்திருப்பதில் பயனில்லை. ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை செய்து இறக்கி வைக்கவேண்டும். தாமதித்தால் பிள்ளைப்பேறு பாதிக்கப்படலாம். பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடும்.

டெஸ்டோஸ்டீரானைச் சுரக்கும் உயிரணுக்கள் அந்த வெப்பத்தைப் பெரிதும் தாங்கிக்கொள்ளும். ஆகவே பையனுக்கு மீசை அரும்பும், குரல் உடையும். குறை வெளியே தெரியாது. நிக்காஹ் முடிந்து, 'மலடி' என்னும் பழியை மருமகள் சுமந்த பின்னரே உண்மை வெளிப்படுவதும் உண்டு. என்ன அநியாயம்!

'சுன்னத்தின்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடாதீர்கள். ஐந்து, ஏழு வயதில் அது காலங்கடந்த செய்தி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துத் தாய்மார்களும், தடுப்பூசிக்குச் செல்லும் நாளிலேயே இதைக் கேட்கலாம். கள்ளக்குறிச்சியில் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு.

குழந்தையை வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுகையில் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த கை பட்டால், இறங்கிய விந்தகமும் மேலே ஏறிக்கொள்ளும்.