தோக்கியோவில் ‘ஆடும் மகாராஜா’: ஒரு தமிழ்ப் படம் ஜப்பானைச் சென்றடைந்த வழி

ஆசிய சினிமாவின் உலகச் செல்வாக்கை ஆராய்வோர் பெரும்பாலும் விருதுகளிலிருந்தே தொடங்குகின்றனர். அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ 1951இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருதை வென்றது. சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1956இல் கான் விழாவில் கௌரவிக்கப்பட்டது. ஆசியப் படைப்பு ஒன்றுக்கு ஐரோப்பா முத்திரை குத்திய பின்னரே உலகம் அதனைத் திரும்பிப் பார்த்தது. ரஜினிகாந்த் நடித்த ‘முத்து’ இந்த வழியில் செல்லவில்லை. அதன் பயணம் ஆசியாவுக்குள்ளேயே நிகழ்ந்தது.

கே.எஸ்.ரவிகுமார் இயக்கிய இப்படம் 1995 தீபாவளிக்கு வெளியானது. ஜப்பானியத் திரை விமர்சகர் ஜுன் எடோக்கி 1996இல் சிங்கப்பூர் சென்றிருந்தபோது இதனைக் கண்டார். புலம்பெயர்ந்த தமிழர்களின் ரசனையே இங்கு பாலமானது எனலாம். 1998இல் தோக்கியோவின் ஷிபுயா பகுதியிலுள்ள சினிமா ரைஸ் திரையரங்கில் திரையிடப்பட்ட படம், அங்கு 23 வாரங்கள் ஓடியது.

ஜப்பானில் அதற்குச் சூட்டப்பட்ட பெயர் ‘முத்து: ஆடும் மகாராஜா’ என்ற பொருள் தருவது. கதைப்படி முத்து ஜமீன் வீட்டில் குதிரைவண்டி ஓட்டும் பணியாள்; அவனே உண்மையான வாரிசு என்பது பிற்பகுதியில்தான் தெரியவருகிறது. தமிழ் ரசிகருக்கு இறுதிவரை காத்திருந்து கிடைத்த செய்தியை ஜப்பானியத் தலைப்பு வாசலிலேயே சொல்லிவிடுகிறது! ஆயினும் ஆடலையும் அரச பகட்டையும் முன்னிறுத்திய அப்பெயரே கூட்டத்தை ஈர்த்தது.

‘முத்து’வின் மூலக்கதையும் தமிழுக்கு வெளியிலிருந்து வந்ததே. பிரியதர்ஷன் இயக்கிய ‘தேன்மாவின் கொம்பத்து’ (1994) என்ற மலையாளப் படத்தின் தழுவல் அது. அதே பிரியதர்ஷன்தான் அந்தமான் செல்லுலார் சிறையைக் களமாகக் கொண்டு 1996இல் ‘காலாபாணி’ எடுத்தார். தமிழில் அது ‘சிறைச்சாலை’. வங்காளம், தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி பேசுவோர் அருகருகே வாழும் தெற்கு அந்தமானில், சௌல்தாரி போன்ற ஊர்களின் வாசகர்களுக்கு இத்தகைய மொழிமாற்றம் புதிதல்ல. 1942 முதல் 1945 வரை ஜப்பானியப் படை ஆக்கிரமித்திருந்த தீவுகளும் இவையே.

2006 டிசம்பரில் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் உரையாற்றிய பிரதமர் மன்மோகன் சிங், ‘ஆடும் மகாராஜா’வின் புகழைக் குறிப்பிட்டார். எனினும் இந்த வெற்றிக்கு ஒரு விலையும் இருந்தது. இந்தியப் படம் என்றாலே ஆடல் பாடல் என்ற எண்ணம் ஜப்பானில் வேரூன்றியது. ஒரு நாட்டின் திரைக்கலையை ஒரே படத்தால் அளப்பது ‘ராஷோமோன்’ காலத்திலிருந்து தொடரும் குறைபாடே.

ஜப்பானில் ‘முத்து’ ஈட்டிய சுமார் 40 கோடி யென் வசூலை விஞ்சுவதற்கு 24 ஆண்டுகள் ஆயின. 2022 அக்டோபரில் அங்கு வெளியான ராஜமௌலியின் ‘ஆர்ஆர்ஆர்’ அதனை முறியடித்தது. 2024 ஜனவரியில், பெண்கள் மட்டுமே நடிக்கும் புகழ்பெற்ற தக்கராசுக்கா நாடகக் குழு அந்தத் தெலுங்குக் கதையை மேடையேற்றியது.