கன்னியாவின் கிணறுகளும் மாணவரின் விஞ்ஞானச் செயற்றிட்டமும்



பாடசாலைகளில் விஞ்ஞானக் கண்காட்சி அணுகுகின்றதென்றால் வீடுகளிலே பரபரப்பு மிகுந்துவிடுகின்றது. களிமண்ணால் ஒரு குன்று எழும். அதன் உச்சிக் குழியிலே சோடா மாவும் வினாகிரியும் கலக்கப்படும். செந்நிற நுரை பொங்கி வழியும். 'எரிமலை' என்ற பெயர்ப்பலகை முன்னே நிற்கும். பார்ப்போர் வியந்து செல்வர். ஆயினும், நடுவர் ஒருவர் அம்மாணவரை அணுகி, "நீர் அறிய விரும்பியது யாது? அதனை அறிந்துகொண்டீரா?" என்று வினவுவாராயின் விடை கிடைப்பது அரிது. நுரை பொங்கும் என்பது தொடங்குமுன்னரே தெரிந்த செய்தி. அங்கே வினா என்று ஒன்று இருந்ததேயில்லை.

விடை தெரியாத ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, அளந்தும் ஒப்பிட்டும் அதற்கு விடை தேடும் முயற்சியே விஞ்ஞானச் செயற்றிட்டம் எனப்படும். இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1950ஆம் ஆண்டு முதலாவது தேசிய விஞ்ஞானக் கண்காட்சி கூடியது. 1958ஆம் ஆண்டில் பிறநாட்டு மாணவரும் சேர, அது பன்னாட்டுக் கண்காட்சியாக வளர்ந்தது. அதன் விதிகள், வெறும் செய்துகாட்டல்களும், நூல்களிலிருந்து திரட்டிய தகவல்களும், விளக்க மாதிரியுருக்களும், கடையில் வாங்கிப் பொருத்திய கருவிகளும் போட்டிக்குப் பொருந்தாதவை எனக் கூறிவந்துள்ளன. நம் நாட்டிலும் இலங்கை விஞ்ஞான, பொறியியற் கண்காட்சி போன்ற போட்டிகளிலே மாணவரின் சொந்த ஆய்வே எதிர்பார்க்கப்படுகின்றது.

"ஆய்வுகூடம் இல்லாத எங்கள் கிராமப் பாடசாலையில் இஃது இயலுமா?" என்று மூதூரிலோ, குச்சவெளியிலோ, வெருகலிலோ உள்ள மாணவர் கேட்கலாம். இயலும் என்பதே நம் விடை. திருகோணமலை மாவட்டத்தில் இயற்கையே ஆய்வுகூடமாக அமைந்துள்ளது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டை மட்டும் சற்று விரிவாக நோக்குவோம்.

திருகோணமலை நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 8 கிலோமீற்றர் தொலைவிலே கன்னியா வெந்நீரூற்றுகள் உள்ளன. சதுரமாகக் கட்டப்பட்ட ஏழு சிறு கிணறுகள் அருகருகே அமைந்திருக்கின்றன. இராவணன் தன் தாயின் இறுதிக் கடனுக்காக நிலத்தைக் குத்தி நீர் பெற்றான் என்பது நெடுங்காலமாக வழங்கும் கதை. அங்கே நீராடிய யாவரும் ஒன்றை அறிவர்: ஒரு கிணற்றின் சூடு மற்றொன்றின் சூட்டைப் போன்றதன்று. எத்தனை பாகை வேறுபாடு? அவ்வேறுபாடு ஆண்டு முழுவதும் ஒரே அளவாக நிற்கின்றதா? இவ்விரு வினாக்களே ஒரு நல்ல செயற்றிட்டத்துக்குப் போதுமானவை.

முதலில் வெப்பமானியைச் சோதித்தல் வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. அதன் அளவுகோல் குறுகியது. மேலும் அஃது ஏறிய உயர்ந்த அளவிலேயே நின்றுவிடும். பாடசாலை வெப்பமானியை உருகும் பனிக்கட்டியில் வைத்தால் 0 பாகை செல்சியசும், கொதிக்கும் நீரின் ஆவியில் வைத்தால் 100 பாகையும் காட்டவேண்டும். திருகோணமலை கடல்மட்டத்தில் இருப்பதால் இச்சோதனை இங்கே சரியாக அமையும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவிலே நீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். வெப்பமானி ஒரு பாகை கூட்டிக் காட்டுமாயின் அதனைக் குறித்துக்கொண்டு, பின்னர் எல்லா அளவீடுகளிலும் ஒரு பாகையைக் கழித்துவிடலாம். குறையுள்ள கருவியாலும் செம்மையான வேலை செய்யலாம். அக்குறை எவ்வளவு என்பதை அறிந்திருத்தல் வேண்டும், அவ்வளவே.

அடுத்து, ஒப்பீடு நேர்மையாக இருத்தல் வேண்டும். ஒரு கிணற்றைக் காலையிலும் மற்றொன்றை நண்பகலிலும் அளந்தால், கண்ட வேறுபாடு கிணற்றினுடையதா, வெயிலினுடையதா என்று எவ்வாறு கூறுவது? ஒன்றில் மேற்பரப்பிலும் மற்றொன்றில் அடியிலும் அளந்தாலும் அதே ஐயம் எழும். நீராடுவோர் வாளி வாளியாக முகந்துகொண்டிருக்கும் வேளையிலே பெறும் அளவு வேறு. கூட்டம் வருமுன் பெறும் அளவு வேறு. ஆகவே ஏழு கிணறுகளையும் ஒரே காலைப்பொழுதில், ஒரே ஆழத்தில், ஒரே வெப்பமானியால், ஒவ்வொன்றையும் மும்முறை அளத்தல் வேண்டும். அவ்வேளையின் காற்றின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளவேண்டும். ஒன்றை மட்டும் மாறவிட்டு ஏனையவற்றை மாறாது வைத்திருப்பதே பரிசோதனையின் உயிர்நாடி.

இனி, காரணத்தை ஆராய்வோம். இலங்கையிலே இயங்கும் எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளினூடே ஆழத்துக்கு இறங்குகின்றது. நிலத்தினுள்ளே ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் வெப்பநிலை பொதுவாக 25 முதல் 30 பாகை வரை உயரும். அங்கே சூடேறிய நீர் வேறு வெடிப்புகளின் வழியே மேலெழுந்து வெந்நீரூற்றாக வெளிப்படுகின்றது. அவ்வாறாயின், சில அடி இடைவெளியிலுள்ள கிணறுகள் வேறுபடுவது ஏன்? மேல்மட்டத்திலுள்ள குளிர்ந்த நிலத்தடி நீர் சிலவற்றிற் கூடுதலாகவும் சிலவற்றிற் குறைவாகவும் கலக்கின்றது என்று கருதலாம். இது கருதுகோள். இதனைச் சோதிக்கவும் வழியுண்டு. திருகோணமலையின் மழையிற் பெரும்பகுதி வாடைக்காற்றுக் காலத்தை ஒட்டியே பெய்கின்றது. வறண்ட ஆனி மாதத்திலே ஒருமுறையும், மழை மிகுந்த மார்கழியிலே ஒருமுறையும் அளந்து பாருங்கள். குளிர்ந்த நீர் கலப்பதுதான் காரணமெனில், மாரிகாலத்திலே சூடு குறைந்த கிணறுகள் மேலும் குளிர்தல் வேண்டும். அவ்வாறு நிகழாவிடின் கருதுகோள் ஐயத்துக்குரியதாகும். அதனையும் உள்ளவாறே எழுதுங்கள். எண்ணியது பொய்த்தது என்று அளந்து காட்டுவதும் அறிவே. எதிர்பார்த்த விடைக்கு ஏற்ப எண்களைத் திருத்துவது ஒன்றே விஞ்ஞானத்தில் மன்னிக்கப்படாத குற்றம்.

வேறு வினாக்களும் உள. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கின்றது. மாரியில் குடாநீரின் உப்பு எவ்வளவு குறைகின்றது? உறிஞ்சுகுழாய் ஒன்றின் அடியிலே மெழுகும் சிறு ஈயக் குண்டும் இட்டால், நிமிர்ந்து மிதக்கும் நீர்மானி ஆயத்தமாகிவிடும். நன்னீரில் 15 சென்ரிமீற்றர் அமிழும் குழாய், கடல்நீரில் 4 மில்லிமீற்றர் அளவு மேலெழும். குடாநீருக்கு இக்கருவி போதும். ஆனால், கரையோரக் கிணற்றிலே உவர் சிறிதளவு ஏறியுள்ளதா என்று அறிய இது போதாது. அதற்கு, அளந்தெடுத்த நீரை வற்றக் காய்ச்சி எஞ்சிய உப்பை நிறுத்துப் பார்க்கவேண்டும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் கிணறுகளை உவராக்கியதை மறவாத மக்களுக்கு இது குடிநீர் பற்றிய வினா. வினாவின் நுட்பத்துக்கேற்பக் கருவியும் நுட்பமாதல் வேண்டும் என்பதை மாணவர் இதனால் உணர்வர்.

திருகோணமலைக் கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவானது. பெருக்கு நாளொன்றுக்கு இருமுறை நிகழும். மறுநாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். அளவு குறித்த கழியும் கடிகாரமும் இருப்பின், சந்திரனின் ஓட்டத்தைக் கடல்நீரிலே கண்டுகொள்ளலாம்.

எனினும் சில எல்லைகளை மீறுதல் ஆகாது. கன்னியா பலருக்குப் புனிதமான இடமும் தொல்பொருட் சிறப்புடைய இடமுமாகும். முன்னனுமதி பெற்றே அளத்தல் வேண்டும். நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 2003ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து பவளத் துண்டொன்றையேனும் எடுத்துவரலாகாது. கடலோரத்திலே வேலை செய்யும்போது பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். மனிதரையோ விலங்குகளையோ ஆய்வுக்கு உட்படுத்துவதாயின், தொடங்குமுன்னரே ஆசிரியரின் வழியாக உரிய ஒப்புதலைப் பெறவேண்டும்.

கண்காட்சி நாளன்று நடுவர் பார்ப்பவை யாவை? வண்ணக் கடதாசியும் மின்விளக்கும் அல்ல. வினா தெளிவானதா, அளவுகள் போதுமானவையா, முடிவு அவ்வளவுகளிலிருந்தே பிறந்ததா என்பனவே. அவர் முதலில் கேட்பது குறிப்பேட்டை. நாளும் நேரமும் இட்டு, அழித்தெழுதாது, அளந்த இடத்திலேயே எழுதிய குறிப்பேடு நூறு அலங்காரங்களுக்கு மேலானது. பிழையான எண்ணை ஒரு கோட்டால் வெட்டிப் பக்கத்தில் எழுதுங்கள், கிழித்தெறிய வேண்டாம். உதவியவர் யார், எந்நூலைப் பார்த்தீர் என்பதையும் மறையாது கூறுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. மரப்பலகை அறுக்க உதவுங்கள். ஊற்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் வினாவும் அளவும் முடிவும் பிள்ளையினுடையனவாகவே இருக்கட்டும். பணம் கொடுத்து வாங்கிய மாதிரியுருவுக்குப் பரிசு கிடைக்குமாயின் இழப்பு இருவருக்கு. பரிசு பெற்ற பிள்ளை, அறியாததை அறிந்ததாகக் காட்டலாம் என்று கற்றுக்கொள்கின்றது. மூன்று மாதம் கிணற்றடியில் நின்று அளந்த ஏழைப் பிள்ளையோ, உண்மைக்கு இங்கே மதிப்பில்லை என்று கற்றுக்கொள்கின்றது. இவ்விரண்டாவது பாடத்தை ஒரு பிள்ளை ஒருமுறை கற்றுவிட்டால் அதனை மறக்கச்செய்வது எளிதன்று. ஆதலின் நடுவராக அமர்வோரின் பொறுப்பு மாணவரின் பொறுப்பினும் பெரிது.

அடுத்த கண்காட்சிக்கு ஆயத்தமாகும் மாணவர்களே! களிமண் எரிமலையைச் சற்றே ஒதுக்கி வையுங்கள். உங்கள் ஊரிலே எவரும் இன்னும் அளந்து பாராதது எது என்று ஒரு நாள் சிந்தியுங்கள். பின்னர் ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள்.